வன்னியில் ஒரு கோல்ப் ஆட்டக்காரரின் நாரிநோ: நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு நாரிநோவோடு வருபவர்கள் புதியவர்கள் அல்லர். நெல்மூட்டை தூக்கியது, உழவு இயந்திரத்தின் குலுக்கம், ஏ9 வீதியில் மணிக்கணக்கான மோட்டார் சைக்கிள் ஓட்டம் என்று காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். கோல்ப் அடித்து நாரி பிடித்துவிட்டது என்று ஒருவர் வந்தது இதுவே முதல் தடவை.

வெளிநாட்டிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பி வருபவர்கள் இப்போது வன்னியில் கூடிவருகிறார்கள். அங்கே பழகிய உடற்பயிற்சியை இங்கே எப்படித் தொடர்வது என்பது அவர்களில் பலருக்கு உள்ள கேள்வி. அதனால்தான் இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு 61 வயது. இளவயதில் கனடா போய், ரொறன்ரோவுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்தவர். நாற்பது வயது கடந்தபின், கூட வேலை செய்த ஒருவர் கோல்ப் மைதானத்துக்கு அழைத்துப் போக, அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோடையில் கிழமைக்கு ஒரு நாள் பொது மைதானத்தில் 18 குழிகளும் ஆடுவார். மட்டைப் பையை இரண்டு சில்லு வண்டியில் வைத்துத் தானே இழுத்துக்கொண்டு நடப்பார். மின்வண்டி எடுப்பதில்லை. வாடகை கூட என்பது அவர் சொன்ன காரணம். காரணம் எதுவானாலும் உடம்புக்கு அது நல்லதாகவே அமைந்தது. 18 குழிகளை நடந்து ஆடினால் எட்டு, பத்துக் கிலோமீற்றர் நடை சேர்ந்துவிடும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் நிற்க வேண்டிவரும்.

ஆட்டத்தில் அவர் கெட்டிக்காரர் அல்லர். ஒரு சுற்றை நூறு அடிகளுக்குள் முடித்தால் அன்று பெரிய சந்தோசம். சீனி வருத்தம் 11 ஆண்டுகளாக இருக்கிறது. மெட்போர்மினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார், பிரஷருக்கு ஒரு குளிசை. கனடாவில் இருந்தவரை மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி ஏழு வீதத்தை ஒட்டியே நின்றது.

ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு ஊர் திரும்பினார். இரணைமடுக் குளத்தின் நீரில் விளையும் வயல்களுக்கு அருகே, மனைவியின் குடும்பக் காணியில் வீடு கட்டினார். கப்பலில் வந்த பெட்டிகளோடு கோல்ப் மட்டைப் பையும் வந்து சேர்ந்தது. பக்கத்து வளவில் மனைவியின் தம்பி. 52 வயது, கமக்காரர். இந்த நிகழ்வில் அவருக்கும் பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலங்கைக்குக் கோல்ப் பழைய விளையாட்டு. கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் கழகங்கள் தொடங்கிவிட்டன. ஆனால் அது தோட்டத்துரைமாரோடும் கொழும்புப் பெரியவர்களோடும் நின்றுவிட்ட விளையாட்டு. இவர் விசாரித்துப் பார்த்ததில், போய்வரலாம் என்று தெரிந்தது திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானம் மட்டுமே. அதற்கும் போய் ஆடித் திரும்புவதென்றால் ஒரு பகல் முழுதும் போய்விடும்.

மாரியில் நடந்தது

ஆவணியில் வந்து இறங்கியவர், முதல் இரண்டு மாதம் வீட்டு வேலை, உறவுக்காரர், கோயில் என்று ஓடித் திரிந்தார். ரவுணுக்குப் போவதென்றால் மோட்டார் சைக்கிள். கனடாவில் பஸ் தரிப்பிடத்துக்காவது நடந்த கால்கள் இங்கே அதையும் விட்டன. ஐப்பசியில் மழை பிடித்தது. ஒழுங்கை சேறானது, குளக்கட்டில் சறுக்கியது. ‘சும்மா இருக்கேலாது’ என்று அவர் செய்த ஏற்பாடுதான் வலை.

முல்லைத்தீவில் ஒருவரிடம் பழைய மீன்வலை வாங்கி, வாகனம் நிறுத்தும் கொட்டகைக்குள் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டார். அதை அவர் யோசித்துத்தான் செய்திருந்தார். விதிப்படி கோல்ப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. வலையின் கண் அதைவிட நன்றாகச் சிறிது. இழுத்துக் கட்டினால் பந்து திருப்பி அடிக்கும் என்று தளர்வாக விட்டிருந்தார். பின்சுவருக்கும் வலைக்கும் நடுவே போதிய இடைவெளி. பிழை வலையில் இருக்கவில்லை, வலைக்கு முன்னால்தான் இருந்தது.

ஒவ்வொரு பின்னேரமும் சீமெந்து நிலத்தில் ஒரு மெல்லிய கால்மிதியைப் போட்டு, றப்பர்ச் செருப்போடு நின்று, ஏறக்குறைய 150 பந்துகள் அடித்திருக்கிறார். முக்கால் மணித்தியாலத்துக்குள் அத்தனையும் முடிந்துவிடும். பெரும்பாலும் டிரைவர், அதாவது பையில் உள்ள மட்டைகளில் ஆக நீளமானது.

மைதானத்தில் இதே மனிதர் ஒரு சுற்றுக்கு நூறு அடி அடித்தார் என்றால், அதில் மூன்றிலொன்றுக்கும் கூடியது குழியை ஒட்டிய புல்தரையில் பந்தை உருட்டி விடுகிற அடி. இன்னும் சில, சின்னத் தட்டுகள். உடம்பை முழுதாக முறுக்கி அடிப்பது ஐம்பது, அறுபது தடவைதான் இருக்கும். அதுவும் நான்கு மணித்தியாலத்தில் பரவலாக, ஒவ்வொரு அடிக்கும் நடுவே நடையோடு. வலைக்கு முன்னால் நடை முழுவதும் போய்விட்டது. முறுக்கு ஏறக்குறைய மூன்று மடங்காகி, முக்கால் மணிக்குள் நெருங்கிவிட்டது. அவர் கோல்ப் ஆடுவதாகவே நினைத்திருந்தார். கோல்பில் உடம்புக்கு நல்லது செய்யும் பகுதி கழன்று, நாரியைக் கெடுக்கும் பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது.

மார்கழி நடுப்பகுதியில் வலது நாரியில் பிடிப்புத் தொடங்கியது. எண்ணெய் பூசி, பனடோல் போட்டு, தொடர்ந்து அடித்தார். தை பிறந்தபோது காலையில் எழும்பிப் பல் துலக்கக் குனிவதே சிரமமாகியது. அதே நேரத்தில் கிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி 8.4. ‘அங்கேயும் கோல்ப், இங்கேயும் கோல்ப், சீனி மட்டும் ஏன் ஏறுது?’ என்பது அவருடைய முதல் கேள்வி.

முதற் பரிசோதனை

ஆபத்தான காரணங்கள் எதுவும் இல்லை என்று பார்ப்பது முதல் வேலை. காலில் விறைப்போ பலக்குறைவோ இல்லை. சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் இல்லை. காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, எதுவும் இல்லை. படுக்கவைத்து நீட்டிய காலை உயர்த்தியபோது நோ காலுக்கு இறங்கவில்லை. முன்னுக்குக் குனிந்தால் இறுக்கம். பின்னுக்கு வளைந்து வலப்பக்கம் சரிந்தால் அவர் சொன்ன அதே நோ, அதே இடத்தில். பத்துக்கு ஏழு என்றார்.

வலக்கையால் ஆடும் கோல்ப் காரருக்கு நோ வலப்பக்க நாரியில் வருவது கேள்விப்படாத விசயமல்ல. நான் தேடியது வேறு. குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடித்து இடுப்பு மூட்டுகளின் உட்சுழற்சியை அளந்தேன். வலது 30 பாகை, இடது 15. கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி முதுகைத் திருப்பச் சொன்னபோது இடப்பக்கத் திருப்பம் பாதியில் நின்றது.

சீனி வருத்தக்காரர் என்பதால் பாதங்களையும் பார்த்தேன். மெல்லிய நைலோன் இழையால் தொட்டபோது எல்லா இடத்திலும் உணர்ந்தார். குதிக்காலில் சிறிய வெடிப்புகள். கைகளில், இடது மோதிர விரல் மடக்கி விரிக்கும்போது இடறியது. சீனி உள்ளவர்களில் இது அடிக்கடி காண்பது. மட்டையை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்பதற்கும் அது ஒரு தடயம்.

வீச்சில் கண்டது

அடுத்த சந்திப்புக்கு அவருடைய மகன் கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளிகள் எடுத்து வந்திருந்தார். ஒன்று நேர் முன்னாலிருந்து, மற்றது வலப்பக்கத்திலிருந்து. கோல்பில் வீச்சைப் பார்க்க இந்த இரண்டு கோணமும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதியைத் தவறவிடுவோம்.

வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் தூக்கும்போது உடம்பு வலப்பக்கம் திரும்புகிறது. அடிக்கக் கீழே வரும்போது பாரம் இடது காலுக்கு மாறி, இடுப்பு எலும்பு முழுவதும் இடது தொடையின் மேல் இடப்பக்கமாகச் சுழல வேண்டும். முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு, பிறகு கை, கடைசியில் மட்டை. விசை இந்த வரிசையில்தான் ஏறுகிறது. இடது இடுப்பு மூட்டு உள்ளே சுழல மறுத்தால் அந்தத் திருப்பத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். கொடுப்பது நாரி. ஆனால் நாரியின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஏறக்குறைய 10 பாகைதான் திரும்பும். திரும்புவதற்கு அமைந்தவை நெஞ்சு முள்ளெலும்புகளும் இடுப்பு மூட்டுகளும்தான்.

காணொளியில் இவருடைய இடுப்பு பாதி வழியில் நிற்க, மேல் உடம்பு பின்னுக்கு வளைந்து வலப்பக்கம் சரிந்து மட்டையை இழுத்தது. பந்தை அடித்தபின் முதுகு வில்லாக வளைந்து நின்றது. பரிசோதனையில் நோவை எழுப்பிய அதே நிலை, பின்னேரத்துக்கு 150 தடவை. பந்தை அடித்தபின்னும் தலை கீழே பார்த்தபடியே இருந்தது. கேட்டபோது, ‘தலையைத் தூக்காதே’ என்று பழகத் தொடங்கிய காலத்தில் ஒருவர் சொன்னதாகச் சொன்னார். பந்தில் மட்டை படும்வரை அது சரி. அதற்குப் பிறகும் தலையைப் பிடித்து வைத்தால் நெஞ்சு திரும்ப இடமில்லாமல் போகும்.

றப்பர்ச் செருப்பு சீமெந்தில் வழுக்கியதால் கால் விசை கொடுக்கவில்லை. பந்து மூன்று மீற்றரில் வலைக்குள் போய்விடுவதால் அது எங்கே போயிருக்கும் என்பதும் தெரியாது. போகும் இடம் தெரியாதவருக்கு அடியின் சத்தம்தான் அளவுகோல். அதனால் ஒவ்வொரு அடியும் முந்தியதைவிடப் பலமானது.

முதல் முடிவுகள், அவற்றின் காரணம்

‘கோல்பை விடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சில நாளில் நோ குறைந்திருக்கும். அப்படிச் சொல்லாததற்குக் காரணம் சீனி. 61 வயதில் தானாக விரும்பிச் செய்யும் ஒரே உடற்பயிற்சி ஒருவரிடம் இருக்கும்போது அதைப் பறித்துவிட்டு, ‘நடவுங்கோ’ என்று துண்டில் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுவீடனில் ஏறக்குறைய 300,000 கோல்ப் சங்க உறுப்பினர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அதே வயதும் சமூக நிலையும் உள்ள மற்றவர்களைவிட அவர்களிடையே இறப்பு வீதம் 40 வீதம் குறைவு என்று கண்டார்கள். கோல்ப் ஆடுகிறவர் முதலிலேயே நடமாடக்கூடிய உடம்பு உள்ளவராக இருப்பார் என்பதால் அந்த எண்ணை அப்படியே விழுங்க நான் தயாரில்லை. ஆனாலும் அவ்வளவு நடை வீண்போகாது.

எனவே பந்தடிப்பதை மூன்று கிழமைக்கு முற்றாக நிறுத்தினோம், நடையை உடனே தொடங்கினோம். மழை ஓய்ந்த பிறகு குளக்கட்டில் காலையில் 20 நிமிடம், கிழமைக்குக் கிழமை கூட்டி 40 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு 150 இலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு. கீழ் எல்லையைத் தொடுவதே முதல் இலக்கு. செருப்புப் போய்ச் சப்பாத்து வந்தது, குதிக்கால் வெடிப்புக்குப் பூச்சும்.

வீட்டில் செய்யும் பயிற்சிகளில் முக்கியமானவை இடது இடுப்பை உட்சுழற்றும் படுக்கைப் பயிற்சி, சரிந்து படுத்து மேற்கையைப் புத்தகம் விரிப்பதுபோல் திறந்து நெஞ்சைத் திருப்புவது, மல்லாந்து முழங்கால் மடித்து இடுப்பைத் தூக்குவது, முழங்காலை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைத் தாங்குவது. எல்லாம் சேர்த்துக் கால் மணித்தியாலம். அதற்கு மேல் கொடுத்தால் செய்யமாட்டார் என்று கணித்தேன். அவரும் பின்னர் அதை ஒத்துக்கொண்டார்.

வீச்சைத் திருத்தியது

நோ பத்துக்கு மூன்றுக்கு இறங்கியபின் மாசியில் மட்டையை எடுத்தோம். நான் கோல்ப் பயிற்றுநர் அல்ல. அவர் கனடாவில் தனக்குப் பழக்கியவரோடு காணொளி அழைப்பில் பேசினார். உடம்பு எதைத் தாங்கும் என்பதை நான் சொன்னேன், அதற்குள் பந்தை எப்படி அடிப்பது என்பதை அந்தப் பழக்கியவர் சொன்னார். இந்தப் பங்கீடு இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

முதலில் நிற்கும் முறை. முதுகை வளைக்காமல் இடுப்பில் மடிந்து நிற்க அவருக்கு வரவில்லை. முதுகில் தடி வைத்துக் காட்டியும் பிடிபடவில்லை. அன்று பார்த்துக்கொண்டிருந்த மச்சானைக் கூப்பிட்டு, வரம்பு கட்டுகிற மாதிரி மண்வெட்டியைப் பிடித்து நில்லுங்கள் என்றேன். இடுப்பில் மடிந்து, முதுகு நேராக, முழங்கால் சற்றே இளகி, பாரம் பாதத்தின் நடுவில். கோல்ப் புத்தகத்தில் போடலாம். ‘அத்தான், உதுக்கே இவ்வளவு நாள்?’ என்று அவர் கேட்டது ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் குத்தியிருக்கும். ஆனால் அடுத்த நாளே நிலை சரியாகிவிட்டது.

பிறகு செய்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நோக்கத்துக்கானவை: இடது இடுப்பு கொடுக்கமுடியாத திருப்பத்தை நாரியிடம் கேட்காமல் வேறிடத்தில் எடுப்பது. இடது பாதத்தை 30 பாகை அளவுக்கு வெளியே திருப்பி வைத்தார். அதனால் அந்த மூட்டு முட்டுவதற்கு முன் இடுப்பு இன்னும் கொஞ்சம் சுழல முடிந்தது. மட்டையைப் பின்னே தூக்கும்போது இடது குதிக்கால் மேலே எழ அனுமதித்தார். பின்வீச்சு முக்கால் அளவில் நிற்கும். அடித்தபின் தலை நெஞ்சோடு சேர்ந்து திரும்பி, பாரம் முழுவதும் இடது காலில் இறங்க நிமிர்ந்து நிற்பார். இறுதி நிலையில் மூன்று எண்ணும் வரை ஆடாமல் நிற்க முடியாவிட்டால் அந்த அடி கணக்கில் இல்லை.

வேகத்துக்கு ஒரு பயிற்சி. மட்டையைத் தலைகீழாக, இரும்புப் பக்கத்தைப் பிடித்து வீசினால் காற்றில் ‘விஷ்’ என்று ஒலி வரும். அவருடைய ஒலி வலது தோளுக்குப் பக்கத்திலேயே வந்து முடிந்தது. அதாவது கை அவசரப்பட்டுப் பலத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. பந்து இருக்கவேண்டிய இடத்திலோ அதைத் தாண்டியோ ஒலி வர வேண்டும். பந்தே இல்லாமல் இரண்டு கிழமை இதைச் செய்தார். பிடியை இளக்கினால்தான் ஒலி இடம் மாறுகிறது என்பதை அவரே கண்டுபிடித்தார். விரல் இடறுவதும் குறைந்தது. டிரைவர் பைக்குள் போனது. ஏழாம் நம்பர் அயன் என்ற நடுத்தூர மட்டையும் குறுந்தூர மட்டை ஒன்றும் மட்டும் வெளியே.

வயல்

மாசிக் கடைசியில் காலபோக அறுவடை முடிந்தது. அந்த ஆண்டு சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் பங்கிட்டபோது மச்சானின் அந்த வயலுக்குப் பங்கு வரவில்லை. ஐப்பசி வரைக்கும் வெறும் நிலம். கமக்காரருக்கு அது நட்டம்தான். ஆனால் அதில்தான் மைதானம் கிடைத்தது.

ஐந்து இடங்களில் பழைய வாளியைப் புதைத்து, பக்கத்தில் தடி நட்டு, உரப்பைத் துண்டில் கொடி கட்டினார்கள். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அவ்வளவு சின்னக் குழியில் பந்தை உருட்டி விழுத்த நெல்லடிக் கட்டை நிலத்தில் முடியாது. கொடிக்குக் கொடி எண்பது இலிருந்து நூற்றிருபது மீற்றர். இரண்டு சுற்று நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வரும், பந்து தேடும் நடை அதற்கு மேல். முழு வீச்சு ஒரு காலைக்கு முப்பதுக்கு மேல் இல்லை. அது நான் வைத்த எல்லை.

களிமண் காய்ந்தால் கல்லாகும். பந்தோடு மட்டை அதில் மோதினால் அதிர்ச்சி மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகும். ஒரு முழச் செயற்கைப் புல்விரிப்பைப் பையில் கொண்டுபோய், ஒவ்வொரு அடிக்கும் அதைப் போட்டுப் பந்தை வைத்தார். கோல்ப் விதிக்கு இது பொருந்தாது. முழங்கைக்குப் பொருந்தியது.

மற்ற விதிகளை மச்சான் போட்டார். வயல் எல்லைக்கு அப்பால் பற்றைக்குள் போன பந்தைத் தேடப் போவதில்லை. அந்தப் பக்கம் மிதிவெடி அகற்றி முடிந்து ஆண்டுகளாகின்றன. ஆனாலும் ‘உழுத நிலத்தில மட்டும்தான் கால் வைப்பன், காட்டுக்குள்ள போன பந்து போனதுதான்’ என்றார். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. இன்னொன்று, வெடிப்புக்குள் விழுந்த பந்தைக் கையால் எடுப்பதில்லை. வயல் வெடிப்பிலும் எலிவளையிலும் புடையன் இருக்கும். தடியால் தட்டி, தடியால் உருட்டி எடுக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுவார்கள். சித்திரைக்குப் பிறகு அதற்கு மேல் வயலில் நிற்க முடியாது. வைகாசியில் சோளகம் பிடித்ததும் பந்து நினைத்த இடத்துக்குப் போகாமல் அலைந்தது. அவருக்கு எரிச்சல். அலைந்த பந்துக்காக நடை கூடியதில் எனக்கு மகிழ்ச்சி.

பங்குனித் திங்கள்

இடையில் ஒரு நிகழ்வு. பங்குனித் திங்களில் அம்மனுக்கு விரதம் இருந்தவர், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வழக்கம்போல் குளிசைகளைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். ஒரு தேநீரும் இரண்டு விசுக்கோத்தும் எடுத்த பிறகே புறப்படுவது என்பது ஏற்பாடு. விரதத்தில் அது விட்டுப்போனது. இரண்டாவது சுற்றில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறியது. வெயில் என்று நினைத்து மச்சான் முதலில் நிழலில் இருத்தினார். நடுக்கத்தைக் கண்டு, பையிலிருந்த குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 62 மில்லிகிராம். 70க்குக் கீழே இறங்கினாலே தாழ்சீனி.

மெட்போர்மின் தனியாக இப்படிச் சீனியை இறக்குவது அரிது. கிளிக்கிளசைட் இறக்கும், வெறுவயிறும் நடையும் சேர்ந்தால் இன்னும் கூட. அன்றே கிளினிக் வைத்தியரிடம் அனுப்பினேன். நடை தொடங்கியதிலிருந்து வீட்டில் எழுதி வைத்த சீனி அளவுகளைப் பார்த்து அவர் கிளிக்கிளசைட்டைப் பாதியாகக் குறைத்தார். விரத நாளில் அந்தக் குளிசை இல்லை, வயலும் இல்லை என்று முடிவானது. புறப்படுமுன் விரலில் குத்திப் பார்ப்பது வழக்கமானது.

விளைவு

ஆவணியில், முதற் பரிசோதனையிலிருந்து ஏழு மாதம் கழித்து, எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். நோ பெரும்பாலான நாட்களில் இல்லை. நீண்ட நேரம் மோட்டார் சைக்கிள் ஓடினால் பத்துக்கு இரண்டு. இடது இடுப்பின் உட்சுழற்சி 15 இலிருந்து 24 பாகை. எச்பிஏ1சி 7.3. நிறை நான்கு கிலோ குறைந்திருந்தது. சாப்பாட்டில் இரவுச் சோறும் குறைந்திருந்தபடியால் இதையெல்லாம் கோல்பின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

வீச்சு சுருங்கியதால் ஏழாம் நம்பர் அயனில் தூரம் கொஞ்சம் போய்விட்டது. இது அவருக்குக் கவலை. ஆனால் முன்பு நாலாபக்கமும் சிதறிய பந்து இப்போது கொடிக்கு நேரே போகிறது. ஆடியில் சீனன்குடாவுக்குப் போய் 9 குழிகளை நடந்து ஆடிவிட்டு வந்தார். மட்டைப் பையை மச்சான் இழுத்தார். அடுத்த நாள் நாரி பேசவில்லை.

மச்சான் பந்து தேடுவதற்காக மட்டுமே வந்தவர். அவருடைய கிளினிக் கொப்பியில் வெறுவயிற்றுச் சீனி முன்னர் 118, பின்னர் 104. எல்லைக்கோட்டில் நின்றவர் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறார். ஆட்டக்காரர் நின்று குறிபார்க்கும் நேரத்திலும் இவர் நடக்கிறார், குனிகிறார், திரும்ப ஓடுகிறார். மட்டையை எப்போதாவதுதான் தொடுவார். தொட்டபோது பந்து நேராகப் போனதை அத்தான் எல்லோருக்கும் சொல்லுவதில்லை.

இனி இப்படி ஒருவர் வந்தால்

ஊர் திரும்பியவரிடம் என்ன வருத்தம் என்று கேட்பதோடு, அங்கே ஒரு நாளில் எவ்வளவு நடந்தீர்கள், இங்கே எவ்வளவு என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்பேன். மாரி வருமுன் கேட்டால் இன்னும் நல்லது. கிளிக்கிளசைட் அல்லது இன்சுலின் எடுப்பவரானால், நடையைக் கூட்டுமுன் வைத்தியரோடு பேசி அளவையும் விரத நாட்களையும் எழுத்தில் வைப்பேன். கூட வருபவருக்கும் தாழ்சீனியின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மச்சானுக்கு இடுப்புச் சுற்றளவும் நடைத்திறனும் தொடக்கத்தில் அளந்திருந்தால் அவருடைய பயனை இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

இதை வாசித்துவிட்டு யாரும் கோல்ப் மட்டை தேட வேண்டாம். விலை கூடிய பொருள், பந்தும் சும்மா கிடைக்காது. மட்டை ஏற்கெனவே வீட்டில் இருந்ததால்தான் இந்த வழி எடுத்தோம். ஆனால் மண்வெட்டி, கோடரி, கிரிக்கெட் மட்டை என்று உடம்பைத் திருப்பிச் செய்யும் எந்த வேலையிலும் நாரி நொந்தால் இடுப்பு மூட்டின் சுழற்சியை அளந்து பார்ப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன்.

ஐப்பசியில் வயல் உழுது விதைத்தாயிற்று. கொடிகளும் வாளிகளும் கொட்டகைக்கு வந்துவிட்டன, வலை திரும்பத் தொங்குகிறது. இம்முறை அதற்கு முன்னால் தடித்த றப்பர் விரிப்பு, காலில் சப்பாத்து. ஒரு நாளைக்கு நாற்பது பந்து, பத்துப் பந்துக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடை. மழை விட்ட காலைகளில் ஏ9 வீதி ஓரமாக இருவரும் நடக்கிறார்கள். இடது இடுப்பில் இன்னும் மிச்சமிருக்கும் இறுக்கம் மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கமா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வைத்தியரின் கிளினிக்குக்குத் திகதி வாங்கியிருக்கிறோம்.